ஓர்ஃபெவ்ர்: 2012 ஆர்க் தோல்விக்குப் பொறுப்பு யார், ஜாக்கியா குதிரையா?

கடிவாளம் எழுதியது:

வேறொரு இழையில் ஜப்பான் குதிரைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் போகிற போக்கில், "ஜாக்கி சுமியோன் அவசரப்படாமல் இருந்திருந்தால் ஓர்ஃபெவ்ர் ஆர்க் பந்தயத்தை வென்றிருக்கும்" என்று எழுதியிருந்தார். இதே வாக்கியத்தைப் பல இடங்களில் படித்துவிட்டேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த இழையின் போக்கைக் கெடுக்க வேண்டாம் என்று இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காக: 2012 அக்டோபர் 7, பாரிஸின் லோன்ஷான் திடல், 2400 மீட்டர். ஐரோப்பாவில் புல்தரைப் பந்தயங்களின் உச்சம் என்றால் ஆர்க் தான். 1969இல் ஸ்பீட் சிம்போலி என்ற குதிரை போனதிலிருந்து ஜப்பான் இதற்காக ஏங்கிக்கொண்டிருக்கிறது. 1999இல் எல் கோண்டோர் பாசா இரண்டாவது. 2010இல் நகயாமா ஃபெஸ்டா தலை வித்தியாசத்தில் இரண்டாவது. 2006இல் டீப் இம்பாக்ட் மூன்றாவதாக வந்து, மருந்துச் சோதனையில் சிக்கித் தகுதியிழந்தது. இந்த வரிசையில் நான்கு வயது ஓர்ஃபெவ்ர் வந்து நின்றது.

18 குதிரைகள். ஓர்ஃபெவ்ருக்குக் கிடைத்த தொடக்க இடமும் 18, அதாவது உள்வேலியிலிருந்து மிகத் தொலைவில். தரை மழையில் ஊறிக் கனத்திருந்தது. கிறிஸ்தோஃப் சுமியோன் பதறவில்லை. பின்வரிசையில் அடக்கி வைத்துக்கொண்டார். கடைசி நேர்கோட்டில் வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டதும் அது பாய்ந்த பாய்ச்சலைச் சொல்லி முடியாது. மற்ற குதிரைகள் சாட்டை வாங்கித் திணறிக்கொண்டிருக்க, இது கேட்காமலேயே எல்லாவற்றையும் கடந்து முன்னால் வந்தது. சுமார் 300 மீட்டர் மீதி. பந்தயம் முடிந்தது என்று வர்ணனையாளர்களே நினைத்திருப்பார்கள்.

அப்போது குதிரை வலப்பக்கம் சாயத் தொடங்கியது. சுமியோன் இழுக்கிறார், திருப்புகிறார், கேட்கவில்லை. உள்வேலியை ஒட்டிப் போய்விட்டது. ஓட்டத்தின் வீச்சு சுருங்கியது. பின்னால் விழுந்துவிட்டதாக நாம் நினைத்த சொலேமியா, ஒலிவியே பெலியே முதுகில் இருந்து விரட்ட விரட்ட, ஒவ்வோர் அடியாக நெருங்கி இறுதிக்கோட்டில் கழுத்து வித்தியாசத்தில் வென்றது. மூன்றாவதாக வந்த மாஸ்டர்ஸ்ட்ரோக் ஏழு குதிரை நீளம் பின்னால். வென்றதும் தோற்றதும் மட்டும் தனி உலகத்தில் ஓடியிருக்கின்றன.

என் வாதம் இதுதான். இந்தத் தோல்வி குதிரையின் குணத்தில் இருந்தது. முதல் பந்தயத்திலேயே அந்தக் குணத்தைக் காட்டிவிட்டது. 2010 ஆகஸ்ட், நிகாத்தாவில் அறிமுகப் பந்தயத்தை வென்றது. கோட்டைத் தாண்டியதும் ஜாக்கி கெனிச்சி இகெசோயேவைத் தூக்கி எறிந்தது. உரிமையாளர்கள் வெற்றிப் படம்கூட எடுக்க முடியவில்லை. 2011இல் மூன்று மகுடங்களையும் முடித்த கிக்கா ஷோவிலும் அதே கதை: வென்றபின் வெளிவேலிப் பக்கம் சாய்ந்து, அதே இகெசோயேவை மீண்டும் கீழே தள்ளியது. தனியாக முன்னால் வந்ததும் இதற்கு ஏதோ ஆகிவிடுகிறது. அதைச் சுமியோன் தலையில் கட்டுவது நியாயமா?

---

நெய்தல்நிலா எழுதியது:

வணக்கம். நான் புதியவள். குதிரைகளைப் பெண் கதாபாத்திரங்களாக்கிய கைபேசி விளையாட்டு ஒன்றின் வழியாகத்தான் இந்தப் பெயர்களை அறிந்தேன். இப்போது உண்மையான பந்தயங்களைத் தேடிப் பார்க்கிறேன். மூன்று மகுடம் என்றால் எவை? தோற்ற பந்தயத்துக்காக ஒரு குதிரையை இவ்வளவு கொண்டாடுகிறார்களே, வென்றவை எப்படி இருந்தன?

---

குளம்பொலி எழுதியது:

நல்வரவு சகோதரி. மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான மூன்று பந்தயங்கள். ஏப்ரலில் சட்சுகி ஷோ, நகயாமா திடலில் 2000 மீட்டர். மே கடைசியில் ஜப்பான் டெர்பி, டோக்கியோவில் 2400 மீட்டர். அக்டோபரில் கிக்கா ஷோ, கியோட்டோவில் 3000 மீட்டர். வேகம், சமநிலை, தம் மூன்றும் ஒரே குதிரையிடம் இருந்தால்தான் மூன்றும் கிடைக்கும். 1941இல் செயின்ட் லைட்டில் தொடங்கி ஷின்சான், மிஸ்டர் சி.பி., சிம்போலி ருடோல்ஃப், நரிட்டா பிரையன், டீப் இம்பாக்ட். ஏழாவது ஓர்ஃபெவ்ர். அதன்பின் 2020இல் கான்ட்ரெயில்.

2011 சாதாரண ஆண்டு அல்ல என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நாட்டின் வடகிழக்கைப் புரட்டிப்போட்டன. நகயாமா திடல் சேதமடைந்தது. சட்சுகி ஷோவை டோக்கியோவுக்கு மாற்றி, ஒரு வாரம் தள்ளி ஏப்ரல் 24 அன்று நடத்தினார்கள். ஓர்ஃபெவ்ர் அன்று நான்காவது விருப்பக் குதிரைதான், அதாவது மூன்று குதிரைகள் மீது அதைவிட அதிகப் பணம் கட்டியிருந்தார்கள். அதுவரை அதன் கணக்கும் பிரமாதமில்லை: இரண்டாவது, பத்தாவது, மீண்டும் இரண்டாவது, மூன்றாவது என்று இழுத்துக்கொண்டு வந்து, ஸ்பிரிங் ஸ்டேக்ஸில்தான் இரண்டாவது வெற்றி. சட்சுகி ஷோவில் மூன்று நீளம் முன்னால் வந்தபோது பலருக்கும் வியப்பு.

டெர்பியை முழுவதும் பாருங்கள். மே 29, கொட்டும் மழை. திடல் சேறும் சகதியும். 2 நிமிடம் 30.5 விநாடி ஆனது. உலர்ந்த தரையில் 2005இல் டீப் இம்பாக்ட் எடுத்துக்கொண்டது 2 நிமிடம் 23.3 விநாடி. நேர்கோட்டில் இரு பக்கமும் குதிரைகள் நெருக்க, ஓர்ஃபெவ்ர் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஒரு கணம் வேகம் அறுபடுகிறது. அடுத்த கணம் இடுக்கைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. இகெசோயேவின் வெள்ளைக் கால்சட்டை முழுக்கச் சேறு. வின் வேரியேஷன் விரட்டியும் ஒன்றே முக்கால் நீளத்துக்கு மேல் நெருங்க முடியவில்லை. 450 கிலோவைச் சுற்றியே எடை இருந்த, அப்படியொன்றும் பெரிதில்லாத சிவலைக் குதிரை அது. நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைப் பட்டை இருப்பதால் கூட்டத்திலும் உடனே தெரியும்.

அதன்பின் கோபே ஷிம்புன் ஹாய், கிக்கா ஷோ, ஆண்டு இறுதியில் அரிமா கினென். ஸ்பிரிங் ஸ்டேக்ஸிலிருந்து எண்ணினால் தொடர்ந்து ஆறு வெற்றிகள். அந்த ஆண்டின் சிறந்த குதிரை வேறெதுவாக இருந்திருக்க முடியும்?

---

தென்திசைக்காற்று எழுதியது:

கடிவாளம் அண்ணா, குணத்தின் மீது பழியைப் போட்டால் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும் என்பதுதான் உங்கள் வாதத்தில் எனக்குள்ள சிக்கல். அந்தக் குணம் ஊருக்கே தெரியும். சுமியோனுக்கும் தெரியும். மூன்று வாரம் முன்னால் பிரி ஃபுவா பந்தயத்தில் அவரே அதை ஓட்டி வென்றிருக்கிறார். முன்னால் வந்ததும் சுணங்கும் குதிரை என்று தெரிந்தபின், 300 மீட்டர் மீதி இருக்கும்போதே அதைத் தனியாக முன்னால் விடலாமா? இன்னும் 150 மீட்டர் பொறுத்திருந்தால் சொலேமியாவுக்குத் திரும்பி வர நேரமே இருந்திருக்காது.

இன்னொன்று. முதல் பந்தயத்திலிருந்தே அதன் கோணல்களையெல்லாம் தாங்கியவர் இகெசோயே. இரண்டு முறை கீழே விழுந்தும் மறுபடி ஏறி உட்கார்ந்தவர். லோன்ஷான் அனுபவம் வேண்டும் என்று அவரை இறக்கிவிட்டு, அங்கே தலகானி, சர்கவா ஆகிய குதிரைகளில் ஆர்க் வென்ற சுமியோனை ஏற்றினார்கள். காகிதத்தில் சரியான முடிவு. திடலை அறிந்தவர் கிடைத்தார், குதிரையை அறிந்தவர் போனார். 2013இல் இகெசோயே பிரான்சுக்கே போய்ப் பல வாரம் அங்குள்ள திடல்களில் ஓட்டிப் பழகினார். அப்படியும் அவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

---

கடிவாளம் எழுதியது:

தம்பி, இகெசோயே விஷயத்தில் உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் "குதிரையை அறிந்தவர்" ஓட்டினால் அடங்கியிருக்கும் என்கிறீர்களே, அதற்கு எதிரான சாட்சி 2012 மார்ச் 18. ஹன்ஷின் தாய்ஷோதென், 3000 மீட்டர். முதுகில் இருந்தவர் இகெசோயேதான்.

பந்தயப் பலகையில் 1.1. நூறு யென் கட்டினால் பத்து யென் லாபம், அவ்வளவு நம்பிக்கை. தொடக்கத்திலிருந்தே குதிரை கடிவாளத்தோடு மல்லுக்கட்டுகிறது. மெதுவான ஓட்டம் அதற்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது சுற்றில், எதிர்ப்புற நேர்கோட்டில் முன்னணிக்கு வந்துவிடுகிறது. மூன்றாவது வளைவு வருகிறது. மற்ற குதிரைகள் வளைவில் திரும்புகின்றன. ஓர்ஃபெவ்ர் திரும்பவில்லை. வெளிவேலியை நோக்கி விலகிப் போகிறது. வேகம் குறைந்து, ஏறக்குறைய நின்றே விடுகிறது. கால் முறிந்துவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஜப்பான் ரசிகர்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு பெரிய அச்சம் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மற்ற குதிரைகள் உள்பக்கம் தன்னைத் தாண்டிப் போவதைக் கண்டதும், யாரும் சொல்லாமல் அது மீண்டும் ஓடத் தொடங்குகிறது. கடைசி வரிசையிலிருந்து, வளைவின் வெளிப்பக்கமாக, மற்றவர்களைவிடப் பல மீட்டர் கூடுதல் தூரம் சுற்றிக்கொண்டு வருகிறது. நேர்கோட்டில் ஒவ்வொன்றாகக் கடந்து, குஸ்தாவ் க்ரைக்கு அரை நீளம் பின்னால் இரண்டாவதாக முடிக்கிறது. நடுவழியில் பந்தயத்தையே கைவிட்ட குதிரை!

தோற்ற ஓட்டம்தான். ஆனாலும் அதன் எந்த வெற்றியைவிடவும் இதுதான் ஓர்ஃபெவ்ரின் ஆற்றலை எனக்குக் காட்டியது. கூடவே என் கருத்துக்கு வலுவும் சேர்க்கிறது: முன்னால் குதிரை இருந்தால் விரட்டும், இல்லாவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடும். லோன்ஷானில் நடந்தது இதன் மறுபதிப்பு.

---

லாயத்தடி எழுதியது:

நான் பந்தயக் குதிரைகளோடு வேலை செய்ததில்லை. சவாரிப் பள்ளி ஒன்றில் குதிரைகளைப் பராமரிக்கிறேன். அந்த அளவில் ஒரு விளக்கம்.

குதிரை மந்தை விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், ஏறக்குறைய சுற்றிலும் உள்ளதைப் பார்த்துக்கொண்டே ஓடும். பக்கத்தில் எவையெவை இருக்கின்றன என்ற கணக்கு அதற்கு எப்போதும் உண்டு. பூட்டிய இரட்டை மாட்டில் ஒன்றை அவிழ்த்துவிட்டால் மற்றது தடுமாறுவதை வண்டிக்காரர்கள் கண்டிருப்பார்கள். குதிரைக்கும் அந்தத் துணை வேண்டும். தனியாக முன்னால் வந்த குதிரை காதுகளை முன்னே நிமிர்த்தி அக்கம்பக்கம் பார்க்கத் தொடங்கினால், ஓட்டத்தில் அதன் கவனம் இல்லை என்று பொருள். வேலியை ஒட்டிச் சாய்வதும் பலமுறை இதனால்தான்: பக்கத்தில் ஏதோ ஒன்று இருக்கட்டும் என்று.

களைப்பு வந்தாலும் சாயும் என்பதையும் மறக்கக் கூடாது. கனத்த தரையில் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து அப்படிப் பாய்ந்த குதிரைக்குக் கடைசி 100 மீட்டரில் கால் ஓய்ந்திருந்தால் அதில் வியப்பில்லை. அலட்சியமா களைப்பா என்று காணொளியை வைத்து அறுதியிட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

ஹன்ஷினுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜப்பான் பந்தய ஆணையம் அதை மறுதேர்வுக்கு உட்படுத்தியது. மூன்று மகுடம் வென்ற குதிரை, அறிமுகமாகாத குட்டியைப் போல, சொன்னபடி ஓடுகிறேன் என்று நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஏப்ரலில் தேறியது. அந்த மாதக் கடைசியில் வசந்த கால தென்னோ ஷோவுக்கு முகமூடி மாட்டிக் கொண்டுவந்தார்கள். பின்வரிசையிலேயே கிடந்து 11ஆவதாக முடித்தது. வென்ற பீட் பிளாக் 14ஆவது விருப்பக் குதிரை. அடங்கிப் போ என்று அடக்கியபோது ஓடவே மறந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். இரண்டே மாதத்தில் தகராசூக்கா கினெனை இரண்டு நீளத்தில் வென்று பிரான்சுக்குக் கப்பலேறாத குறையாகக் கிளம்பிவிட்டது.

---

மரபுவழி எழுதியது:

இவ்வளவு பேசிவிட்டுத் தந்தையைப் பேசாமல் இருக்க முடியுமா?

தந்தை ஸ்டே கோல்டு. 50 பந்தயங்கள், 7 வெற்றிகள். பெரிய பந்தயங்களில் இரண்டாவது, மூன்றாவது என்று வந்து வந்து, ரசிகர்களை ஆண்டுக்கணக்கில் ஏங்கவைத்த குதிரை. அதற்கும் சாயும் பழக்கம் உண்டு: 2001 கியோட்டோ தாய்ஷோதெனில் முதலாவதாகக் கோட்டைக் கடந்தும், பக்கத்துக் குதிரையின் வழியில் குறுக்கே சாய்ந்ததற்காகத் தகுதி நீக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, 50ஆவது பந்தயத்தில், ஹாங்காங் வாஸில் தலை வித்தியாசத்தில் வென்று, முதல் தர வெற்றி ஒன்றுடன் ஓய்வு பெற்றது.

தாய் ஓரியன்டல் ஆர்ட். தாய்வழித் தாத்தா மெஜிரோ மெக்குயின், தென்னோ ஷோவை 1991, 1992 இரண்டு ஆண்டும் வென்ற சாம்பல் நிற நெடுந்தூர வீரர். ஸ்டே கோல்டும் மெக்குயினும் சேர்ந்தால் ஆற்றலும் பிடிவாதமும் சேர்ந்தே வரும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். ஓர்ஃபெவ்ரின் உடன்பிறந்த அண்ணன் ட்ரீம் ஜர்னி 2009இல் தகராசூக்கா, அரிமா இரண்டையும் வென்றது. அதே கலப்பில் வந்த கோல்டு ஷிப் ஆறு முதல் தரப் பந்தயங்களை வென்றது. 2015 தகராசூக்காவில் வாயிலுக்குள் எழுந்து நின்று, பந்தயத்தைத் தொடங்கும்போதே தொலைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. 2007இல் ஓரியன்டல் ஆர்ட்டை முதலில் டீப் இம்பாக்டிடம்தான் கொண்டுபோனார்கள். சினை பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றும் பலனில்லாமல், பருவம் முடியும் நேரத்தில் ஸ்டே கோல்டிடம் கொண்டுபோனார்கள். 2008 மே 14 அன்று பிறந்தது ஓர்ஃபெவ்ர். பந்தயக் குட்டிகளுக்கு மே நடு என்பது தாமதம்.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. ஸ்டே கோல்டு, மெஜிரோ மெக்குயின், டீப் இம்பாக்ட் மூன்றையும் பயிற்றுவித்தவர் ஒருவரே: யசுவோ இகெயே. அவர் 2011 பிப்ரவரி இறுதியில், எழுபது வயது விதியின்படி ஓய்வு பெற்றார். ஓர்ஃபெவ்ரின் பயிற்சியாளர் அவருடைய மகன் யசுதோஷி இகெயே. தந்தை வளர்த்த இரண்டு குதிரைகளின் ரத்தத்தில் பிறந்ததை மகன் வளர்த்து, தந்தை ஓய்வு பெற்ற அதே ஆண்டில் மூன்று மகுடம் வாங்கினார். இப்படி ஒரு குடும்பக் கதை வேறெந்த மகுடக் குதிரைக்கும் இருப்பதாக எனக்குத் தெரியாது.

---

தென்திசைக்காற்று எழுதியது:

மரபுவழி ஐயாவின் பதிவைப் பலமுறை படித்தேன். நன்றி.

ஆனால் கடிவாளம் அண்ணாவின் வாதத்துக்குள் ஓர் ஓட்டை இருக்கிறது. தனியாக முன்னால் வந்தால் ஓடாது என்கிறீர்கள். அப்படியென்றால் 2013 டிசம்பர் 22க்கு என்ன விளக்கம்? அரிமா கினென், நகயாமா, 2500 மீட்டர். அதன் கடைசிப் பந்தயம். இகெசோயே மூன்றாவது வளைவிலேயே நகர்த்திவிட்டார். நான்காவது வளைவில் முன்னணிக்கு வந்தாயிற்று. நகயாமாவின் நேர்கோடு குட்டையானது, நடுவில் ஏற்றம் வேறு. அங்கிருந்து கோடு வரை முன்னால் ஒரு குதிரைகூட இல்லை. சுணங்கியதா? எட்டு நீளம்! இரண்டாவது வின் வேரியேஷன், மூன்றாவது கோல்டு ஷிப். ஆர்க்கில் விட்டதைவிட அதிக நேரம் தனியாக ஓடியிருக்கிறது.

வித்தியாசம் முதுகில் இருந்தவர். இகெசோயே கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்துவிட்டது என்று குதிரை நினைக்க அவர் இடம் கொடுக்கவில்லை.

பதிவுக்காக 2012 ஜப்பான் கோப்பையையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சிலிருந்து திரும்பி ஏழே வாரம். இகெசோயேதான் ஓட்டினார். நேர்கோட்டில் மூன்று வயதுப் பெட்டை ஜென்டில்டோனா வழி கிடைக்காமல் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்து ஓர்ஃபெவ்ரை இடித்தது. இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டே ஓடின. மூக்கு வித்தியாசம். நீண்ட விசாரணை நடந்து, வரிசை மாறாது என்று அறிவித்தார்கள். ஜென்டில்டோனாவின் ஜாக்கிக்கு ஓட்டத் தடை விதித்தார்கள். இடித்தவர் தண்டிக்கப்பட்டார், வெற்றி மட்டும் நின்றது. இதை ஏற்க எனக்கு முடியவில்லை.

---

குளம்பொலி எழுதியது:

இருவரும் எடையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லையே.

2012 ஆர்க்கில் ஓர்ஃபெவ்ர் சுமந்தது 59.5 கிலோ. சொலேமியா பெட்டை என்பதால் 58. ஒன்றரைக் கிலோ. கனத்த தரையில், 2400 மீட்டர் முடிவில், கழுத்து வித்தியாசம். சொல்ல வேண்டியதை எண்களே சொல்கின்றன.

ஜப்பான் கோப்பையில் ஓர்ஃபெவ்ர் 57, ஜென்டில்டோனா 53. மூக்கு வித்தியாசம். 2013இல் மீண்டும் லோன்ஷான் போய், பிரி ஃபுவாவை மூன்று நீளத்தில் வென்று, ஆர்க்கில் ட்ரேவிடம் ஐந்து நீளத்தில் தோற்றது. ட்ரேவ் மூன்று வயதுப் பெட்டை, 54.5 கிலோ, ஓர்ஃபெவ்ர் மறுபடியும் 59.5. அன்று ட்ரேவ் ஓடிய ஓட்டத்தில் எடையைச் சமமாக்கியிருந்தாலும் அதுதான் வென்றிருக்கும் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டும் ஆர்க்கை வென்று அது யார் என்று காட்டியது. ஆனால் 2012இல் ஒன்றரைக் கிலோ வித்தியாசம் இல்லாமல் இருந்திருந்தால் நாம் இந்த இழையையே வேறு தலைப்பில் நடத்திக்கொண்டிருப்போம்.

வயதுக்கும் பாலினத்துக்கும் எடைச் சலுகை கொடுப்பது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். குதிரையையோ ஜாக்கியையோ கூண்டில் ஏற்றுவதற்கு முன் தராசையும் பாருங்கள் என்கிறேன்.

18ஆம் இடம் என்பதும் சின்ன விஷயமில்லை. அவ்வளவு வெளியிலிருந்து உள்ளே வர வேகத்தைச் செலவழிக்க வேண்டும், அல்லது பின்னால் போய்க் காத்திருக்க வேண்டும். சுமியோன் இரண்டாவதைத் தேர்ந்தார். பின்னாலிருந்து வந்ததால்தான் வெளிப்பக்கம் நீளமாகச் சுற்ற நேர்ந்தது. அதில் வந்த வேகத்தை நடுவில் அணைத்துக் காத்திரு என்றால் அந்தக் குதிரை கேட்டிருக்குமா?

---

நெய்தல்நிலா எழுதியது:

ஹன்ஷின் பந்தயத்தைப் பார்த்துவிட்டேன். முடிவு தெரிந்தும், வெளிவேலிப் பக்கம் ஒதுங்கிய இடத்தில் திக்கென்றது. திரும்பி ஓடத் தொடங்கியபோது அரங்கில் எழும் இரைச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு கேள்வி. இப்போது அதன் குட்டிகள் எப்படி? குணமும் சேர்ந்து வந்திருக்கிறதா?

---

மரபுவழி எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. 2014இல் ஹொக்கைடோவில் பொலிகுதிரையாக நின்றது. முதல் ஈட்டிலேயே லக்கி லைலாக், இரண்டு வயதில் ஹன்ஷின் ஜுவெனைல் ஃபில்லீஸை வென்றது, பிறகு எலிசபெத் ராணி கோப்பையை 2019, 2020 இரு ஆண்டும் வென்றது. அதே ஈட்டில் எபோகா தோரோ 2018 சட்சுகி ஷோவை வென்று தந்தையின் முதல் மகுடத்தைத் தொட்டது. ஆனால் எல்லாக் குட்டிகளும் அப்படி இல்லை. டீப் இம்பாக்டின் குட்டிகளைப் போல ஆண்டுதோறும் வரிசையாக வென்று குவிக்கவில்லை. வந்தால் உச்சிக்கு வரும், இல்லையேல் இருக்குமிடம் தெரியாது என்பதுதான் அதன் வம்சத்தின் போக்கு.

எதிர்பாராத இடத்தில் வந்தன பெரிய வெற்றிகள். ஓர்ஃபெவ்ர் தன் வாழ்நாளில் ஓடிய 21 பந்தயங்களும் புல்தரையில். அதன் மகள் மார்ஷ் லோரேன் 2021 நவம்பரில் கலிஃபோர்னியாவின் டெல் மார் திடலில் பிரீடர்ஸ் கப் டிஸ்டாஃபை வென்றது. மண்தரைப் பந்தயம்! அமெரிக்கர்களின் கோட்டைக்குள்ளேயே போய், அவர்களுடைய பெட்டைக் குதிரைகளைத் தோற்கடித்தது. 2023 மார்ச்சில் மகன் உஷ்பா தெசோரோ, துபாய் உலகக் கோப்பையில் மண்தரையில் பின்வரிசையிலிருந்து கிளம்பி எல்லாவற்றையும் விழுங்கியது. வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்த அந்த ஓட்டத்தைப் பாருங்கள். முன்னால் குதிரைகள் இருக்கும்வரை அதற்குப் பசி அடங்கவில்லை.

---

கடிவாளம் எழுதியது:

தென்திசைத் தம்பி, அரிமா 2013ஐ நீங்கள் எடுப்பீர்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அது வலுவான சாட்சி. அதற்கு என் பதில்: அன்று ஓர்ஃபெவ்ர் ஐந்து வயது. நுரையீரலில் ரத்தக்கசிவு வந்து கோடைக்காலத்தைத் தவறவிட்டு, பிரான்சுக்கு இரண்டாம் முறை போய் வந்த குதிரை. முதிர்ச்சி வந்துவிட்டது. 2013இல் அது ஓடிய நான்கு பந்தயங்களில் ஒன்றில்கூடப் பழைய கலகம் இல்லை. ஒசாகா ஹாய், பிரி ஃபுவா, ஆர்க், அரிமா நான்கிலும் நேராக ஓடியது. ஆகவே 2013ஐக் கொண்டு 2012ஐ அளக்க முடியாது என்கிறேன். இகெசோயேவின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த முதிர்ச்சிக்குக் காத்திருந்தவர்களில் அவருக்குத்தான் முதல் இடம்.

குளம்பொலி சொன்ன எடைக் கணக்கையும், 18ஆம் இடத்தைப் பற்றிய கேள்வியையும் முழுமனதோடு ஏற்கிறேன். அணைத்திருந்தால் கேட்டிருக்காது. நேர்கோட்டுக்கு வந்தபின் சுமியோன் கையில் தேர்வே இருக்கவில்லை என்பது என் முடிவு.

21 பந்தயங்களில் 12 வெற்றி, 6 முறை இரண்டாவது. பரிசுத்தொகை பிரான்சில் வென்றதையும் சேர்த்து 150 கோடி யென்னுக்கு மேல். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, ஜப்பான் இதுவரை வளர்த்ததிலேயே ஆர்க்கை வெல்ல மிகத் தகுதியான குதிரை அதுதான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் வாதிடுவேன். டீப் இம்பாக்ட் ரசிகர்கள் மறுக்கலாம், மறுக்கட்டும்.

---

தென்திசைக்காற்று எழுதியது:

டீப் இம்பாக்ட் ரசிகனாக மறுக்கிறேன் அண்ணா. ஆனால் அதற்குத் தனி இழை வேண்டும். இகெசோயே ஓட்டியிருந்தால் வென்றிருக்கும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

---

மரபுவழி எழுதியது:

அந்த இழையைத் தென்திசை தொடங்கட்டும். நான் இன்றிரவு கோல்டு ஷிப் பற்றி ஒன்றைத் தொடங்குகிறேன். நெய்தல்நிலா, அதற்கு முன் 2012 சட்சுகி ஷோவைப் பார்த்துவிடுங்கள். வெளிப்பக்கம் நல்ல தரை என்று எல்லோரும் ஒதுங்கிப் போக, சேறான உள்பக்கத்தில் தனியாகப் புகுந்து வருகிற அந்தச் சாம்பல் நிறக் குதிரையை மூன்றாவது வளைவிலிருந்தே கவனியுங்கள்.